மீடியத்தின் இடது தோள்

அந்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்டால், கேட்டவர் கொஞ்சம் உட்கார்ந்துகொள்வது நல்லது. அவன் தைக்கிறவன் இல்லை. வெட்டுகிறவன் இல்லை. இஸ்திரி போடுகிறவனும் இல்லை. அவன் வேலை, நிற்பது. மேஜைமேல் ஏறி, கைகளை இரண்டு பக்கமும் லேசாக விரித்து, வயிற்றை எக்காமல் தள்ளாமல் இயல்பாக நிற்பது. புதுச் சட்டையை அவன்மேல் மாட்டிப் பார்ப்பார்கள். அவனுக்கு அது சரியாக இருந்தால், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நடுத்தர உடம்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் சரியாக இருக்கும் என்று அர்த்தம். அந்த அளவுக்குப் பெயர் மீடியம். அவன் பெயரும் அதுவே ஆகிப்போய்ப் பல வருடம் ஆயிற்று. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான்.

மேஜைமேல் ஏறுவதற்கு முன்னால் அவன் எல்லாரையும் போலக் கீழேதான் இருந்தான். கட்டிங் அறையில் வெட்டிய துணிகளைக் கட்டாகக் கட்டி, மாடிப்படி ஏறித் தையல் லைன்களில் கொண்டுபோய்ப் போடும் பண்டல் வேலை. கட்டு எப்போதும் இடது தோளில் இருக்கும். வலது கை படிக்கட்டுக் கம்பியைப் பிடிக்க வேண்டும், எதிரே வருகிறவர்களை ஒதுங்கச் சொல்ல வேண்டும், நடுவில் மூக்கையும் சொறிந்துகொள்ள வேண்டும். இப்படியே சில வருடங்கள் ஓடின.

பேட்டர்ன் மாஸ்டர் என்று ஒருவர் அங்கே இருந்தார். சட்டையின் ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வரைந்து கொடுப்பது அவர். அவர் காகிதப்படிதான் துணியை வெட்டுவார்கள். அவர் கை ஒரு நூல் பிசகினால் கப்பல் முழுக்கப் பிசகும். அவருக்குச் சாம்பிள் சட்டையை மாட்டிப் பார்க்க ஓர் உடம்பு தேவைப்பட்டது. அதுவரை உடம்பு கொடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தா கல்யாணம் செய்துகொண்டு ஒரே வருடத்தில் லார்ஜ் ஆகிவிட்டார். மாஸ்டர் படியில் ஏறிக்கொண்டிருந்த இவனை நிறுத்தி, கட்டை இறக்கச் சொல்லி, டேப்பைப் போட்டார். கழுத்து சரி. மார்பு சரி. கை நீளம் சரி. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அளவுத் தாளை ஒருதரம் பார்த்தார், இவனை ஒருதரம் பார்த்தார். தொலைந்துபோன பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்ற மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

அந்தத் தாளில் தோளுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, அகலம் எவ்வளவு என்று. எந்தத் தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்க அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை. மாஸ்டருக்கும் தோன்றவில்லை. ஆகவே முதல் சாம்பிளை இவன்மேல் மாட்டியபோது இடது தோளில் துணி தொங்கி மடிந்ததும், தப்பு சட்டையில்தான் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். நாலு குண்டூசியைக் குத்தி, இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, காகிதத்தையும் அப்படியே திருத்தினார். சட்டை இவன்மேல் வார்த்து வைத்தது போல உட்கார்ந்தது. காகிதத்திலிருந்து கட்டிங்குக்கும், கட்டிங்கிலிருந்து லைனுக்கும், லைனிலிருந்து கப்பலுக்கும் அந்த இறங்கிய தோள் ஜாம் ஜாமென்று பயணம் போனது.

இதை முதலில் கவனித்தவர்கள் தையல் லைன் பெண்கள். தோளை மூட்டும்போது ஒரு பக்கம் சரிவு அதிகமாக இருக்கிறதே என்று சூப்பர்வைசரிடம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்வது சூப்பர்வைசருக்கு வழக்கமில்லை. கொஞ்சம் யோசிக்கிற மாதிரி மேலே பார்த்துவிட்டு, அந்த ஊர் ஆம்பிளைகளுக்கு இடது தோள் இறக்கம் என்று அடித்துவிட்டார். அவ்வளவுதான், லைன் முழுக்கப் பற்றிக்கொண்டது. அவர்கள் எந்நேரமும் கனமான பையை இடது தோளில் மாட்டுவார்களாம் என்றாள் ஒருத்தி. காரில் போகும்போது இடது கையை ஜன்னலில் தொங்கப்போட்டே பழக்கமாம் என்றாள் இன்னொருத்தி. குளிர் தேசத்தில் உடம்பு ஒரு பக்கமாகத்தான் சுருங்கும் என்று மூன்றாமவள் மருத்துவமே சொன்னாள். கம்பெனியில் இருந்த அத்தனை பேரும், முதலாளி உட்பட, வெளிநாட்டு ஆண்கள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தே நடமாடுகிறார்கள் என்று மனப்பூர்வமாக நம்பினார்கள்.

நம் மீடியத்துக்கும் இடது தோள் இறக்கம்தானே. அது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. அவனுக்குப் பிறப்பிலேயே வெளிநாட்டு உடல்வாகு என்று பேசிக்கொண்டார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி தென்பட்ட இடத்திலெல்லாம் நின்று இடது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மூன்றாவது லைனில் காலர் தைக்கிற பெண்ணுக்கும் அவனுக்கும் கல்யாணம் பேசி முடித்தபோது, அவளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று லைனே கேலி பேசியது. அவள் வாய்த்துடுக்குக்காரி. மாப்பிள்ளைக்குத் தோள் மட்டும்தான் வெளிநாடு, சம்பளம் உள்ளூர்தான் என்று திருப்பிக் கொடுத்தாள். இருந்தாலும் உள்ளுக்குள் அவளுக்கும் பெருமைதான்.

அந்த உடம்பைக் கட்டிக் காப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வாரத்தின் முதல் நாள் மாஸ்டர் டேப்போடு காத்திருப்பார். இடுப்பில் கொஞ்சம் கூடியிருந்தால் அன்றைக்கெல்லாம் கம்பெனியில் துக்க வீட்டு முகம். ஆகவே வீட்டில் ஒரு கரண்டிதான் சாப்பாடு. இரண்டாவது கரண்டிக்கு அவன் தட்டை நகர்த்துவதற்குள் மனைவி பாத்திரத்தை மூடிவிடுவாள்.

“அது ஏற்றுமதி உடம்புங்க. நம்ம இஷ்டத்துக்கு ஊத விடக் கூடாது” என்பாள்.

அவனும் பெருமூச்சு விட்டபடி கை கழுவப் போவான். விருந்தாளியாகப் போன வீடுகளில் கூட, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னால், தட்டின்மேல் கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு, பையர் ஒத்துக்க மாட்டார் என்று சொல்லிவிடுவான். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரரைத்தான் பையர் என்பார்கள். சாப்பாட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் வீட்டுக்காரர்கள் விழிப்பார்கள்.

இந்தக் கதையில் இன்னொருவன் இருக்கிறான். மனைவியின் தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். சின்னப் பழுதுக்காக ஒதுக்கிய ஏற்றுமதிச் சட்டைகளை அக்கா வாங்கிக்கொடுப்பாள், அதைத்தான் அவன் எப்போதும் போடுவான். போட்ட நிமிடத்திலிருந்து இடது தோளை ஒரு குலுக்குக் குலுக்கி, சட்டையின் இடது நுனியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பான். பேசும்போது ஒரு குலுக்கு, நடக்கும்போது ஒரு இழுப்பு. ஊரில் அவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயரே வந்துவிட்டது. இதற்காக ஒரு பெண் வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். சட்டைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் புலம்பினால், மீடியம் காலை ஆட்டியபடி, உனக்கு உள்ளூர் உடம்பு மச்சான், அதுக்குச் சட்டை என்ன பண்ணும் என்பான்.

இத்தனை வருடம் வெளிநாட்டில் யாரும் கேட்கவில்லையா என்றால், அதற்குக் காரணம் கோட்டா. துணி வாங்குகிற பணக்கார நாடுகள், எந்த நாட்டிலிருந்து வருடத்துக்கு எவ்வளவு சட்டை உள்ளே வரலாம் என்று பங்கு பிரித்து வைத்திருந்தன. பெரிய நாடு ஒன்று எவ்வளவு மலிவாகத் தைத்தாலும் தன் பங்குக்கு மேல் ஒன்றுகூட அனுப்ப முடியாது. மிச்சத்துக்கு இந்தக் கம்பெனி மாதிரி இடங்களுக்கு வாங்குகிறவர்கள் வந்துதான் தீர வேண்டும். பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்து வைத்த இடம் மாதிரி அது. முதலாளி நிம்மதியாக இருந்தார். ஒரே ஒரு முறை மட்டும், இடது தோளைக் கவனிக்கவும் என்று பையரிடமிருந்து செய்தி வந்தது. மாஸ்டர் உடனே மீடியத்தை மேஜைமேல் ஏற்றி, சட்டையை மாட்டி, சுற்றிச் சுற்றி வந்து கவனித்தார். கவனித்தாயிற்று, பிரமாதமாக இருக்கிறது என்று பதில் போனது. வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியவர் வருவார். அவரோ டபுள் எக்ஸெல். ஏசி அறையில் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார். அவர் தோள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு ஒருநாள் உலக வியாபாரத்தைத் திறந்துவிட்டார்கள். கோட்டா போயிற்று. இனி யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். முதலாளி மொட்டை மாடியில் எல்லாரையும் கூட்டி, டீ கொடுத்து, நமக்கு இனி எல்லையே இல்லை என்று பேசினார். மீடியத்தைப் பக்கத்தில் நிறுத்தி அவன் தோளில் கை போட்டுக்கொண்டார், அந்த இடது தோளில்தான். எல்லாரும் கை தட்டினார்கள். மற்றவர்களுக்கும் எல்லை இல்லாமல் போய்விட்டது என்பது மட்டும் அந்த மாடியில் யாருக்கும் உறைக்கவில்லை.

சீக்கிரமே உறைத்தது. முன்பு மூச்சு விட நேரமில்லாத லைன்களில் பெண்கள் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வர வேண்டிய ஆர்டரெல்லாம் பெரிய நாடுகளின் பெரிய கம்பெனிகளுக்கு நடையைக் கட்டின. எதிர்வரிசையில் பேண்ட் தைக்கிற கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத கட்டடத்துக்கு ஒரு வாட்ச்மேன் மட்டும் காவல் இருந்தார். இங்கே ஐந்தாவது லைன் போயிற்று, பிறகு நாலாவது. எப்போதும் கலகலவென்று இருந்த அந்தப் பெண்கள் டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார்கள். பார்க்க வயிறு எரிந்தது. அடுத்து மூன்றாவது லைன் என்று பேச்சு. அதில்தான் மீடியத்தின் மனைவி காலர் தைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பழைய பையர் கடைசியாக ஒரு ஆர்டர் தருவதாகச் சொன்னார். ஆனால் இந்தத் தடவை டீ குடிக்க டபுள் எக்ஸெல் பெரியவர் வரவில்லை. கறாரான ஒரு அம்மாவும், கூட ஒரு ஆளும் வந்தார்கள். அந்த அம்மா ஏசி அறைப் பக்கமே திரும்பாமல் நேராகச் சாம்பிள் அறைக்கு வந்தாள். இப்போது அவளுக்கு ஊர் ஊராகத் தேர்ந்தெடுக்க வழி இருந்தது, ஆகவே கண்ணும் கூர்மையாகிவிட்டிருந்தது. கூட வந்தவருக்கு நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, குடம் குடமாக வியர்த்தது. லைன் பெண்கள் அரை மணி நேரத்தில் அவருக்கு வேர்வை சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர்களோடு பெரிய அட்டைப் பெட்டி ஒன்றும் வந்தது. அதிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து நிறுத்தினார்கள். தலை கிடையாது, கை கிடையாது. கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு ஆண் உடம்பு, கீழே இரும்புக் கம்பி. இதுதான் எங்கள் மீடியம் என்றாள் அந்த அம்மா, மேனேஜர் மொழிபெயர்த்தார். அறை முழுக்க ஒருமுறை நம் மீடியத்தைத் திரும்பிப் பார்த்தது. அவன் அந்தப் பொம்மையை மேலும் கீழும் அளந்தான். முண்டத்துக்கு வந்த வாழ்வைப் பார் என்று முணுமுணுத்தான்.

சாம்பிள் சட்டையைப் பொம்மைக்கு மாட்டினார்கள். இடது பக்கம் மேலே ஏறிக்கொண்டது. காலர் ஒரு பக்கமாக இழுத்தது. பொத்தான் வரிசை கோணிக்கொண்டு நின்றது. அதே சட்டையை மீடியத்துக்கு மாட்டினார்கள். கச்சிதம். அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலைக்குள் சரிசெய்து காட்டச் சொன்னாள். அதற்குமேல் அவர்கள் தங்க மாட்டார்களாம், வேறு நாட்டுக்கு விமானம் ஏற வேண்டுமாம்.

இவ்வளவு நேரமும் மீடியத்தின் பார்வை வேர்வை சார் மேல்தான் இருந்தது. வெளிநாட்டு மீடியம் ஒன்றை உயிரோடு பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அதே உயரம், அதே பருமன், உடுத்தியிருந்ததும் இந்தக் கம்பெனிச் சட்டை. பிரிந்துபோன அண்ணன் தம்பியைப் பார்க்கிற ஆசையோடு அந்த இடது தோளைத் தேடினான். சரியாகப் பிடிபடவில்லை. அந்த மனிதர் ஒரு இடத்தில் நின்றால்தானே? தோளை ஒரு குலுக்குக் குலுக்குவதும், சட்டையின் இடது நுனியைக் கீழே இழுப்பதுமாக ஆடிக்கொண்டே இருந்தார்.

விருந்தாளிகள் போனதும் முதலாளி, மேனேஜர், மாஸ்டர் மூவரும் பொம்மையைச் சூழ்ந்துகொண்டார்கள். தப்பு பொம்மையில்தான் என்பதில் மாஸ்டருக்குத் துளியும் சந்தேகமில்லை. விமானத்தில் எங்கேயோ இடிபட்டு அதன் தோள் வளைந்துபோயிருக்கிறது என்றார். இத்தனை வருடம் உயிருள்ள மனிதனை வைத்துப் பார்த்த அளவு பொய்யாகுமா என்று கேட்டார். முதலாளிக்கும் அது நியாயமாகப் பட்டது. பொம்மையின் மேலுறையை அவிழ்த்து, வலது தோளில் துணியை மடித்து வைத்து, கொஞ்சம் மேடாக்கி, மறுபடி உறையை மாட்டினார்கள். இப்போது சட்டை அழகாக உட்கார்ந்தது. பொம்மைக்கு வைத்தியம் பார்த்த திருப்தியோடு மூவரும் விளக்கை அணைத்தார்கள்.

பக்கத்திலேயே நின்று பார்த்த மீடியமும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனான். அங்கே மைத்துனன் வந்திருந்தான். செருப்பைக் கழற்றும்போது தோளில் ஒரு குலுக்கு, உட்காரும்போது இடது நுனியில் ஒரு இழுப்பு. இத்தனை வருடம் பார்த்துச் சலித்த சேட்டைதான். மீடியம் கேலி பேச வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. வேர்வை சார் செய்ததும் இதேதான். அதே குலுக்கு, அதே இழுப்பு, அதே பக்கம்.

உள்ளூர் உடம்புக்காரன் இழுக்கலாம். வெளிநாட்டு உடம்புக்காரர் ஏன் இழுக்க வேண்டும்?

மீடியம் எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்றான். மனைவியைக் கூப்பிட்டு, தன் இடது தோள் ரொம்பவா இறங்கியிருக்கிறது என்று கேட்டான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அதற்காகத்தானே உங்களை மேஜையில் ஏற்றினார்கள் என்றாள். ஆர்டர் கிடைக்காவிட்டால் மூன்றாவது லைனை அடுத்த வாரமே மூடிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொன்னதையும் அதே மூச்சில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் வழக்கமான துடுக்கு இல்லை. அவன் அன்றைக்கு முதல் கரண்டியையே பாதியில் வைத்துவிட்டான்.

அவனுக்கு முன்னால் இருந்தது சின்னக் கணக்குதான். வாயை மூடிக்கொண்டிருந்தால், தோளில் மேடு வைத்த பொம்மையை நம்பி ஆர்டர் கிடைக்கும். கோணல் சட்டை கப்பல் ஏறும். முன்பானால் தலையெழுத்தே என்று வாங்கிக்கொள்வார்கள். இனிமேல் அப்படியே திருப்பி அனுப்புவார்கள், அதோடு மூன்றாவது லைன் மட்டுமல்ல, கம்பெனிக்கே பூட்டுத்தான். வாயைத் திறந்தாலோ, மேஜையும் போகும், மீடியமும் போகும். பண்டல் தூக்கி மட்டும் மிச்சம். இதை மனைவியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவன் தோளைப் பற்றி அவள் லைனில் அடித்த பெருமையெல்லாம் அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் விருந்தாளிகள் வந்தார்கள். பொம்மை சட்டையோடு கம்பீரமாக நின்றது. மாஸ்டர் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாம்பிள் அறைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்றாவது லைன் முழுக்கத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா தலையசைத்து, பேனாவை எடுத்தாள்.

மீடியம் சட்டையைக் கழற்றிவிட்டு மேஜைமேல் ஏறினான். யாரும் அவனை ஏறச் சொல்லவில்லை. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சைகை காட்டினார், அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

“அந்தச் சாரைக் கொஞ்சம் என் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லுங்க” என்றான் மேனேஜரிடம்.

மேனேஜர் மொழிபெயர்த்தார். வேர்வை சார் ஒன்றும் புரியாமல் மேஜைமேல் ஏறினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மீடியம். ஒருவர் தோள் மட்டம் வைத்துக் கட்டிய சுவர் மாதிரி நேராக இருந்தது. இன்னொருவன் தோள் மழைத்தண்ணீர் வடிய விட்ட கூரை மாதிரி இடது பக்கம் சரிந்திருந்தது.

“பொம்மை மேல தப்பில்லைங்க, அதோட வலது தோள்ல வெச்ச துணியை எடுத்துடுங்க. கோணல் என் தோள்தான். பண்டல் தூக்கித் தூக்கி இறங்கிப்போச்சு. அதைத்தான் மாஸ்டர் இவ்வளவு நாளா உலகத்துக்கே தெச்சு அனுப்பிட்டாரு.”

 மேனேஜர் எவ்வளவை மொழிபெயர்த்தாரோ தெரியாது, ஆனால் இரண்டு தோள்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது மொழிபெயர்க்க அதிகம் இருக்கவில்லை. முதலில் சிரித்தவர் வேர்வை சார்தான். தன் உடம்புதான் கோணல் என்று நினைத்து இத்தனை நாளும் தோளுக்கு டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறாராம், தினமும் காலையில் ஏதோ பயிற்சிகூடச் செய்கிறாராம். மீடியத்தின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அந்த அம்மாவும் கடைசியில் சிரித்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைன் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. காலர் துணியைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்டர் கிடைத்தது. முன்பைவிடக் குறைந்த விலைக்குத்தான். இங்கே கட்டுப்படியாகாவிட்டால் வேறு இடம் இருக்கிறது என்று அந்த அம்மா சிரித்த முகத்தோடேயே சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாவது லைன் பிழைத்தது, ஆனால் அதே நேரத்தில் முன்பைவிட அதிகமாகத் தைத்துத் தள்ள வேண்டும். சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கினார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவிக்கு விரல்களை மடக்க முடியாது. சட்டையின் தோள் நேராயிற்று, அதைத் தைக்கிறவர்களின் முதுகு கூனிற்று. திறந்துவிட்ட கதவு வழியாக நல்லது மட்டும் வரும் என்று மொட்டை மாடியில் டீ குடித்தவர்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

மாஸ்டர் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு அவராகவே டீக்கடைக்குக் கூட்டிப்போய், உன் உடம்புமேல் கடவுளைவிட அதிகமாக நம்பிக்கை வைத்திருந்தேன் என்று குறைப்பட்டுக்கொண்டார். முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை, பழையபடி பண்டல் தூக்கச் சொன்னார். சாம்பிள் அறையில் அவன் நின்ற மேஜைமேல் இப்போது பொம்மை நின்றது. அதற்கு லீவு வேண்டாம், சம்பளம் வேண்டாம், வாரத்தின் முதல் நாளில் பயமும் வேண்டாம். கட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கட்டை வலது தோளில் தூக்குங்கள், இரண்டும் சமமாகிவிடும் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். பழக்க தோஷம், கட்டு தானாக இடது பக்கம்தான் போய் உட்கார்ந்தது.

வீட்டில் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. இனி யாரும் அவன் இடுப்பை அளக்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவன் இரண்டாவது கரண்டியைத் தொடவில்லை. மனைவி பாத்திரத்தை மூடாமல் காத்திருப்பாள், அவன் தட்டின்மேல் கையைக் குடையாகப் பிடிப்பான். பொம்மை உடைந்துபோகலாம், காணாமல் போகலாம், நாளைக்கே மேஜைக்குக் கூப்பிடலாம் என்று அவனுக்குள் ஒரு நப்பாசை. அவள் அதைக் கண்டும் காணாதது போல இருந்தாள்.

புது ஆர்டரில் மிஞ்சிய சட்டைகளை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மைத்துனன் போட்டுக்கொண்டு வந்தபோது தெருவில் இரண்டு பேருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. குலுக்கல் இல்லை, இழுப்பு இல்லை. பரம சாதுவாக வந்து உட்கார்ந்தான். எழுந்து போன பெண் வீட்டார் மறுபடி பேச்சை எடுத்திருக்கிறார்களாம். அவன் வாயெல்லாம் பல்லாக இருந்தான்.

மீடியமும் தன் சட்டையைப் போட்டுப் பார்த்தான். இடது தோளில் துணி தொங்கியது. இடது நுனி ஒரு விரல் கீழே இறங்கியது. தோளைத் தூக்கிப் பார்த்தான், துணியை மேலே இழுத்துவிட்டான், மறுபடி தொங்கியது. மைத்துனன் அதைப் பார்த்து, பழைய பாக்கியைத் தீர்க்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

“உங்களுக்கு உள்ளூர் உடம்பு மாமா. அதுக்குச் சட்டை என்ன பண்ணும்?”

மீடியம் சிரிக்க முயன்றான். வரவில்லை. கண்ணாடியில் தெரிந்த அந்தத் தோளைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“கழட்டுங்க அதை” என்றாள் மனைவி.

விரல் வலிக்கிறது என்று அரை மணி நேரம் முன்னால் புலம்பியவள், வீட்டுத் தையல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். இடது தோளைப் பிரித்தாள். அவன் வெற்று உடம்போடு அவள் பக்கத்தில் போய், பழக்கத்தில் கைகளை லேசாக விரித்து நின்றான்.

“என்ன இது, எதுக்கு இப்படி நிக்கிறீங்க?”

“அளவு எடுக்க வேணாமா?”

“தினமும் பார்க்கற தோளுக்கு அளவு எதுக்கு? போய் உக்காருங்க.”

டேப்பை அவள் தொடக்கூட இல்லை. துணியை ஒரு மடிப்பு மடித்து, ஊசியை இறக்கி, ஒரே ஓட்டத்தில் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். அவன் போட்டுப் பார்த்தான். மேஜைமேல் நின்ற இத்தனை வருடத்தில் எந்தச் சட்டையும் அவனுக்கு அப்படி உட்கார்ந்ததில்லை.

அப்புறம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு கரண்டி முடிந்ததும் மீடியம் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.